துறுதுறுப் பிள்ளையும் கணக்கு மாத்திரையும்

ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குப் போகும் சாலையில் சிறிது தூரம் சென்றால் சானமாவு வந்துவிடும். ஒரு பக்கம் காப்புக் காடு. மறு பக்கம் ராகியும் தக்காளியும் ரோஜாவும் விளைகிற நிலங்கள். குளிர் காலம் பிறந்ததும் தளி, ஜவளகிரிப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைக் கூட்டம் புறப்பட்டு வந்து சானமாவுக் காட்டில் முகாம் போட்டுவிடும். ராகி வீடு வந்து சேருகிறவரை ஊராருக்கு ராத்திரியில் உறக்கம் ஏது? பட்டாசு வெடிக்கும்; தகரம் முழங்கும்; டார்ச் விளக்குகள் அலையும். பொழுது விடிந்தால் காட்டைப் பற்றிய பேச்சு ஓய்ந்து, ஓசூர்த் தொழிற்சாலைகளின் ஷிப்டு பற்றிய பேச்சு ஆரம்பமாகும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைகள் பள்ளிக்குப் போய்த் தமிழில் பாடம் படிக்கின்றன.

இத்தகைய ஊரில் எட்டு வயதுப் பையன் ஒருவன் இருப்பதாக வைத்துக் கொள்வோம். வகுப்பில் ஐந்து நிமிஷம் அவனால் உட்கார முடிவதில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுகிறான். பென்சில், ரப்பர், சாப்பாட்டு டப்பா என்று தினம் ஒன்றைத் தொலைக்கிறான். பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டில் எழுதுகிறான். ஆசிரியை கூப்பிட்டு அனுப்பியதும் தாய் வந்து நிற்கிறாள்.

“வீட்டிலேயும் இப்படித்தான் டீச்சர். சோறு தின்கிற நேரத்துக்குக்கூட ஓரிடத்தில் நிற்கமாட்டான்.”

“நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இவன் ஒருவனையே எப்படியம்மா பார்ப்பேன்?”

இந்த உரையாடல் எந்த ஊரிலும் நடப்பதுதான். பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் பையனின் எதிர்காலம் இருக்கிறது. ‘அடியாத மாடு படியாது’ என்று சிலர் பிரம்பை எடுப்பார்கள். ‘வயதானால் சரியாகிவிடும்’ என்று சிலர் விட்டுவிடுவார்கள். அபூர்வமாகச் சிலர் டாக்டரிடம் அழைத்துப் போவார்கள். அங்கே போனால் அவர் ஒரு மாத்திரையின் பெயரை எழுதக்கூடும். அந்த மாத்திரை பையனுக்கு நன்மை செய்கிறதா, இல்லையா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கேள்வி சுலபமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் வைத்திய உலகம் இதற்கு விடை தேடி எண்பது வருஷங்களுக்கு மேலாகிறது.

நோயா, சேட்டையா?

கவனக்குறைவு மிகைஇயக்கக் கோளாறு என்பது இதன் பெயர். டாக்டர்கள் சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்பார்கள். கவனம் நிலைக்காமை, ஓயாத அசைவு, யோசனையின்றிச் செயலில் பாய்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். இவை இல்லாத குழந்தை உலகத்தில் உண்டா என்று கேட்கத் தோன்றும். அதனால்தான் நிபுணர்கள் சில வேலிகளைப் போட்டிருக்கிறார்கள். 12 வயதுக்கு முன்பே அடையாளங்கள் தென்பட்டிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீட்டில் மட்டும் அல்லது பள்ளியில் மட்டும் என்றில்லாமல் இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் படிப்பும் பழக்கமும் அதனால் கெட வேண்டும்.

கோயமுத்தூர் மாவட்டத்தில் நான்கு பள்ளிகளைச் சேர்ந்த 770 சிறுவர் சிறுமியரை ஆராய்ந்து 2013-ல் வெளியான கட்டுரை ஒன்று, நூற்றுக்கு 11 பேருக்குச் சற்று அதிகமாகவே இக்கோளாறு இருப்பதாகக் கணக்கிட்டது. உலகம் முழுவதற்கும் சேர்த்துப் போடப்பட்ட ஒரு பிரபலமான கணக்கோ ஐந்து சதவிகிதம்தான் என்கிறது. கோயமுத்தூர்ப் பிள்ளைகள் மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிட இரு மடங்கு துடுக்கானவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. யாரைக் கேட்டோம், எந்தப் படிவத்தில் கேட்டோம், எந்த இடத்தில் கோடு கிழித்தோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். ரத்தத்தைச் சோதித்தோ, எக்ஸ்ரே எடுத்தோ முடிவு சொல்லக்கூடிய வியாதி அல்ல இது. பார்க்கிறவர்களின் சாட்சியத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆகவேதான் நல்ல டாக்டர் முதலில் மருந்துச் சீட்டை எடுப்பதில்லை. கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா? காது கேட்கிறதா? ரத்த சோகை உண்டா? வலிப்பு உண்டா? ராத்திரி எத்தனை மணி நேரம் உறங்குகிறான்? யானைக்குப் பயந்து விழித்திருந்த வீட்டுப் பிள்ளை மறு நாள் வகுப்பில் நிலை கொள்ளாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. பெரியவர்களுக்குத் தூக்கம் குறைந்தால் சோர்வு வரும். குழந்தைகளுக்கோ பல சமயம் ஆட்டம் கூடிவிடும். பாடம் நடத்தும் பாஷையே பாதிதான் புரிகிறது என்றால் அவன் ஜன்னலைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பான்?

ஓசூர் சாலையில் ஓர் ஆஸ்பத்திரி

சானமாவு வட்டாரத்தினருக்கு இதில் ஒரு வசதி உண்டு. மனநல சிகிச்சையில் இந்தியாவிலேயே பேர் பெற்ற ‘நிம்ஹான்ஸ்’ நிலையம் ஓசூரிலிருந்து 35 கிலோமீட்டர் அளவில் பெங்களூரில் இருக்கிறது. அது இருக்கும் தெருவுக்குப் பெயரே ஓசூர் சாலை! பழைய மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனையும், 1954-ல் தொடங்கிய அகில இந்திய மனநல நிலையமும் 1974-ல் ஒன்றாகி உருவான ஸ்தாபனம் அது. குழந்தைகளின் மனநலத்துக்கென்றே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. இந்தப் பக்கம் கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2013-ல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த சிறார் நலத் திட்டத்தில், பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் சென்று கண்டறிய வேண்டிய 30 குறைபாடுகளின் பட்டியலில் இந்தக் கோளாறும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஆனால் பஸ் ஏறிப் போகிறவனுக்கு ஒரு நாள் கூலி போகிறது. மாநில எல்லையைத் தாண்டிப் போய் டாக்டரைப் பார்ப்பது சுலபம். அந்த டாக்டருக்கு வகுப்பறையைக் காட்டுவதுதான் கஷ்டம். பிள்ளையைத் தினம் ஐந்து மணி நேரம் பார்க்கிற ஆசிரியை ஓசூருக்குத் தெற்கே இருக்கிறாள். சீட்டு எழுதுகிற டாக்டர் வடக்கே இருக்கிறார். மாத்திரையைச் சோதிக்கும் விஷயத்தில் இது பெரிய சங்கடம். ஏன் என்பதற்கு இந்த மருந்தின் பூர்வ கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தலைவலிக்குக் கொடுத்த மருந்து

அமெரிக்காவில் ரோட் ஐலண்டு என்ற சின்னஞ்சிறு மாநிலத்தில் ஒரு செல்வந்தருக்கு எம்மா என்று ஒரே மகள் இருந்தாள். ஏழு வயதில் மூளைக் காய்ச்சல் கண்டு அவள் புத்தி பேதித்துப் போயிற்று. அவளைப் போன்ற குழந்தைகளுக்கென்று அக்குடும்பத்தின் சொத்தைக் கொண்டு 1931-ல் ஓர் இல்லம் திறக்கப்பட்டது. அதன் டாக்டர் சார்லஸ் பிராட்லி, அதே குடும்பத்தைச் சேர்ந்தவர்.

அக்காலத்தில் மூளையைப் படம் பிடிக்க ஒரு கொடிய முறை இருந்தது. முதுகெலும்பில் ஊசி குத்தி அங்குள்ள நீரை எடுத்துவிட்டு, காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். குழந்தைகளுக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும். குறைந்துபோன நீர் சீக்கிரம் ஊறினால் வலி தணியுமென்று நினைத்த பிராட்லி, ‘பென்ஸிட்ரின்’ என்ற கிளர்ச்சி மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி அப்படியொன்றும் தீரவில்லை. ஆனால் இல்லத்துப் பள்ளியின் ஆசிரியர்கள் அதிசயத்துடன் ஓடி வந்தார்கள். உட்காராத பிள்ளைகள் உட்கார்ந்து கணக்குப் போடுகின்றனவாம்! குழந்தைகளே அதற்குப் பெயரும் வைத்துவிட்டன: ‘கணக்கு மாத்திரை’.

பிராட்லி அத்துடன் நிற்கவில்லை. 5 முதல் 14 வயது வரையுள்ள 30 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, முதல் வாரம் மருந்தில்லாமல் கவனித்தார். இரண்டாவது வாரம் காலையில் மருந்து கொடுத்துக் கவனித்தார். மூன்றாவது வாரம் மருந்தை நிறுத்திவிட்டுக் கவனித்தார். 14 குழந்தைகளுக்குப் படிப்பில் வியக்கத்தக்க முன்னேற்றம் இருந்தது. கொடுத்த முதல் நாளே வந்த அந்த முன்னேற்றம், நிறுத்திய முதல் நாளே போய்விட்டது. 1937 நவம்பரில் இதை அவர் வெளியிட்டார். துள்ளுகிற பிள்ளைக்குக் கிளர்ச்சி மருந்து கொடுத்தால் அமைதி வருகிறதே, இது என்ன முரண் என்று அவரே வியந்தார். வைத்திய உலகமோ அதிகமாகக் காதில் போட்டுக் கொள்ளவில்லை. சுமார் கால் நூற்றாண்டு காலம் அந்தக் கட்டுரை தூங்கிற்று.

இதற்கிடையே சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனியின் ரசாயன நிபுணர் லியாண்ட்ரோ பானிஸோன் 1944-ல் மெதில்பெனிடேட் என்ற புது மருந்தைத் தயாரித்தார். அவர் மனைவிக்கு ரத்த அழுத்தம் குறைவு. டென்னிஸ் ஆடப் போகுமுன் அந்த அம்மாள் அதைச் சாப்பிட்டுப் பார்த்து நன்றாக ஆடினாளாம். அவள் செல்லப் பெயரான ரீட்டாவை வைத்தே ‘ரிட்டாலின்’ என்று மருந்துக்குப் பெயர் சூட்டப்பட்டது. இன்று உலகெங்கும் இக்கோளாறுக்கு முதலில் நினைக்கப்படும் மருந்து இதுதான். மூளையின் முன்பகுதியில் செய்தி கடத்தும் டோபமின், நார் அட்ரினலின் என்ற இரண்டு பொருள்கள் சீக்கிரம் வற்றிவிடாமல் இது தடுக்கிறது. சாதாரண மாத்திரையின் வேகம் சுமார் நான்கு மணி நேரத்தில் அடங்கிவிடும். நோயை வேரோடு களைகிற மருந்தல்ல. மூக்குக் கண்ணாடியைப் போல, போட்டிருக்கிற வரையில்தான்.

யாருக்கும் தெரியக் கூடாது!

பிராட்லியின் சோதனையில் ஒரு ஓட்டை இருந்தது. எந்த வாரம் மருந்து, எந்த வாரம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ‘மருந்து சாப்பிட்டிருக்கிறான்’ என்று தெரிந்தால் ஆசிரியரின் பார்வை மாறும், முகம் மாறும், பையனும் மாறுவான். மருந்து செய்த வேலை எது, நம்பிக்கை செய்த வேலை எது?

இதைப் பிரிப்பதற்கென்றே வெற்று மாத்திரை வந்தது. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். உள்ளே மருந்து இராது. கொடுப்பவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது, மார்க்குப் போடுபவருக்கும் தெரியாது. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த லியான் ஐசன்பர்க், கீத் கானர்ஸ் இருவரும் ரிட்டாலினை இம்முறையில் குழந்தைகளிடம் சோதித்து 1963-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து உண்மையிலேயே வேலை செய்தது. ஆசிரியர்கள் பூர்த்தி செய்வதற்கென்று ஒரு வினாப் படிவத்தையும் கானர்ஸ் 1969-ல் வெளியிட்டார். இன்று பல நாடுகளில் அதன் வழிவந்த படிவங்களே உபயோகத்தில் இருக்கின்றன. இதே கானர்ஸ், முதுமையில், 2013-ல், கண்ட கண்ட பிள்ளைக்கெல்லாம் இந்த நோய்ப் பட்டம் கட்டுவது தேசத்துக்கே ஆபத்து என்று எச்சரித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு வந்த சோதனைகளில் பெரியது, அமெரிக்க தேசிய மனநல நிலையம் நடத்தி 1999-ல் வெளியிட்டது. 7 முதல் 9 வயது வரையுள்ள 579 பிள்ளைகள், 14 மாதங்கள், நான்கு பிரிவுகள். ஒரு பிரிவுக்கு மருந்து, ஒன்றுக்குப் பெற்றோரையும் ஆசிரியரையும் பழக்கும் நடத்தைப் பயிற்சி, ஒன்றுக்கு இரண்டும், மற்றொன்று ஊரில் கிடைக்கும் வைத்தியத்தோடு விடப்பட்டது. கவனத்தையும் துடிப்பையும் பொறுத்தவரை மருந்து பெற்ற இரு பிரிவுகளும் முந்தின. ஆனால் மூன்றாவது வருஷம் பார்த்தபோது நான்கு பிரிவுகளுக்கும் வித்தியாசம் மறைந்து போயிருந்தது! புதிதாக மருந்து தொடங்கித் தொடர்ந்து சாப்பிட்ட பிள்ளைகள், சாப்பிடாதவர்களைவிடச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் வளர்த்தி குறைந்தும் இருந்தார்கள்.

அந்தச் சோதனையின் தொடக்கத்தில் நடந்த ஒரு சங்கதி அதிகம் பேசப்படுவதில்லை. மருந்துப் பிரிவுகளைச் சேர்ந்த 289 பிள்ளைகளுக்கு, யாருக்கு எந்த அளவு பொருந்தும் என்று பார்க்க, 28 நாட்கள் வெற்று மாத்திரையையும் வெவ்வேறு அளவு மருந்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டிலும் பள்ளியிலும் தினமும் மார்க்குப் போட்டார்கள். 256 பேர் முழுதும் முடித்தார்கள். அவர்களில் 198 பேருக்கு மெதில்பெனிடேட் பொருந்திற்று. 26 பேருக்கு வேறு மருந்து பார்க்க வேண்டியிருந்தது. 32 பேரோ, வெற்று மாத்திரையிலேயே நன்றாகத் தேறியதால் மருந்து வேண்டாமென்று விடப்பட்டார்கள். அந்தச் சோதனை நடக்காமல் நேரே சீட்டு எழுதப்பட்டிருந்தால், அந்த 32 பிள்ளைகளும் வருஷக் கணக்கில் மருந்தை விழுங்கியிருப்பார்கள். ‘மாத்திரையால்தான் தேறினான்’ என்று எல்லாரும் மனப்பூர்வமாக நம்பியும் இருப்பார்கள்.

நிபுணர்களுக்குள் இன்னும் அபிப்பிராய பேதம் தீரவில்லை. 2015-ல் 185 சோதனைகளை ஒன்று சேர்த்து ஆராய்ந்த குழு ஒன்று, பலன் இருப்பதாகத் தெரிந்தாலும் சாட்சியத்தின் தரம் மிகக் குறைவு என்றது. பசி போனதைக் கண்டே இது மருந்துதான் என்று தாய் ஊகித்துவிடலாம் அல்லவா? தவிர, அச்சோதனைகள் சராசரி 75 நாட்களே நடந்தவை. 2018-ல் வேறொரு பெரிய ஆய்வு, குறுகிய காலத்துக்கு, குழந்தைகளுக்கு முதலில் கொடுக்கத் தகுந்தது இதுவே என்று தீர்ப்புக் கூறிற்று. உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்க்கும்படி 2019-லும் 2021-லும் வந்த விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன.

தவறான ஒரு நியாயம்

“மாத்திரை கொடுத்தோம், பையன் அடங்கிவிட்டான், ஆகவே அவனுக்கு அந்த நோய் இருந்தது நிச்சயம்!” இந்த நியாயம் படித்தவர்களிடமும் உண்டு. அமெரிக்க டாக்டர் ஜூடித் ராபபோர்ட் 1978-லேயே இதை உடைத்துவிட்டார். எந்தக் கோளாறும் இல்லாத 14 சிறுவர்களுக்கு இதே இனத்து மருந்தை ஒரு வேளை கொடுத்தார். அவர்களுக்கும் அசைவு குறைந்தது, கவனம் கூடிற்று. அதாவது, மருந்து நோயாளியை மட்டும் அடக்குவதில்லை. யாரையும் ஓரளவு அடக்கும். பிராட்லி வியந்த முரணும் இத்துடன் தீர்ந்தது. தூக்கமில்லாத பையனும், பாஷை புரியாத பையனும் மாத்திரை சாப்பிட்டால் சற்று நேரம் அடங்கி உட்காரக்கூடும். தூக்கமின்மை அப்படியே இருக்கும். பாஷையும் புரியாமலே இருக்கும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 9 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து 2012-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் வேடிக்கையானது. அங்கே பள்ளிச் சேர்க்கைக்கு டிசம்பர் கடைசி நாள்தான் எல்லை. டிசம்பரில் பிறந்த பையன்கள் வகுப்பில் எல்லாரையும்விட இளையவர்கள். ஜனவரியில் பிறந்தவர்களைவிட அவர்களுக்கு இந்த நோய்ப் பட்டம் கிடைப்பது 30 சதவிகிதம் அதிகமாக இருந்தது. பெண் குழந்தைகளில் 70 சதவிகிதம் அதிகம். ஒரு வயது சின்னவன் ஒரு வயது சின்னவனாக நடந்து கொண்டதுதான் குற்றம்!

இதைக் கேட்டு மருந்தே மோசம் என்று முடிவு கட்டிவிடலாகாது. உண்மையான கோளாறு உள்ள பிள்ளை படும் பாடு கொஞ்சமல்ல. தினம் திட்டு, தினம் அடி, சகவாசம் இல்லை, புத்தி இருந்தும் பாடத்தில் பின்தங்கல், சாலையில் ஓடி விபத்து. அத்தகையவனுக்குப் பொருத்தமான மருந்து வகுப்பறைக் கதவைத் திறந்துவிடுகிறது. அவனுக்குக் கொடுக்காமல் இருப்பதும் அநியாயந்தான்.

ஒரு பிள்ளைக்கு ஒரு சோதனை

ஆகையால் ஆயிரம் பிள்ளைகளிடம் மருந்து ஜெயித்தது என்பது மட்டும் போதாது. இந்தப் பிள்ளையிடம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அவனுக்கு ஈடு அவனேதான். முதலில் உயரம், எடை, நாடி, ரத்த அழுத்தம் குறித்துக் கொள்ளப்படும். குடும்பத்தில் இளவயதில் இருதய நோயால் இறந்தவர் உண்டா என்று கேட்கப்படும். ஆறு வயதுக்கு உட்பட்டவனானால் மருந்தைத் தள்ளி வைத்து, பெற்றோருக்குப் பயிற்சி தருவதே முதல் சிகிச்சை. மருந்து தேவை என்று தீர்மானித்தால் சிறிய அளவில் தொடங்கி வாரா வாரம் பார்த்து ஏற்றுவார்கள். பசியின்மை, தூக்கம் தாமதமாதல், வயிற்றுவலி, தலைவலி, அழுகை, இமை துடித்தல் ஆகியவற்றைத் தாய் குறித்து வர வேண்டும். மத்தியானச் சோற்றை அப்படியே கொண்டு வருகிறானா என்று டப்பாவைத் திறந்து பார்த்தாலே பாதிச் செய்தி தெரிந்துவிடும். ராகிக் களியைக் காலையில் மாத்திரைக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

ஆனால் மருந்து வேலை செய்யும் நேரத்தில் பையன் இருப்பது பள்ளியில். எட்டு மணிக்கு விழுங்கியதன் வேகம் பன்னிரண்டுக்கு அடங்கிவிடுகிறது. இரவு ஷிப்டு முடிந்து வந்து உறங்கும் தகப்பன் சாயங்காலம் பார்ப்பது மருந்து இறங்கிப்போன பையனை. ‘பணம் தண்டம், ஒரு மாற்றமும் இல்லை’ என்று அவர் சொன்னால் அது பொய்யல்ல. ஆசிரியை நிரப்பும் ஒரு காகிதம் இல்லாவிட்டால் பெங்களூர் டாக்டர் இருட்டில்தான் அம்பு எய்ய வேண்டும். அந்தக் காகிதம் ஆசிரியைக்குத் தெரிந்த பாஷையில் இருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே இரண்டு நிமிஷத்தில் நிரப்பக் கூடியதாகவும் இருக்க வேண்டும். கணக்கு நோட்டையே சாட்சியாக எடுத்துச் செல்வது இன்னும் சுலபம். எந்தத் தேதியில் எத்தனை கணக்கு, எத்தனை சரி என்பது அதிலேயே இருக்கிறது.

மருந்துக் கடைக்காரருக்கும் இதில் பொறுப்பு உண்டு. மெதில்பெனிடேட் நம் நாட்டுச் சட்டப்படி எக்ஸ் அட்டவணையைச் சேர்ந்தது. பூட்டி வைத்துத்தான் விற்க வேண்டும். சீட்டு இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும். ஒன்றைக் கடையில் இரண்டு வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். தவறான கைகளுக்குப் போகக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட விதி இது. மாதா மாதம் சீட்டுக்காக அலைகிற கிராமத்துக் குடும்பத்துக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கிறது. நடுவில் பத்து நாள் மருந்து தடைப்பட்டால் சோதனையும் குழம்பிப் போகிறது.

சரி, பொருந்திவிட்டது, பையன் படிக்கிறான். அப்புறம்? வருஷத்துக்கு ஒரு முறையாவது மருந்து இன்னும் தேவையா என்று பார்க்க வேண்டும் என்பது நிபுணர் கருத்து. பிராட்லியின் மூன்றாவது வாரம் மறுபடி வருகிறது. பெற்றோர்கள் பெரும்பாலும் மே மாத விடுமுறையில் நிறுத்திப் பார்ப்பார்கள். அப்போது பசி திரும்பும்; எடை ஏறும்; அந்த மட்டில் லாபந்தான். ஆனால் ஆசிரியையும் இல்லை, கரும்பலகையும் இல்லை. மாந்தோப்பில் ஓடுகிற பையனைப் பார்த்து மருந்து தேவையா என்று யார் சொல்ல முடியும்? மார்ச்சில் பரீட்சை நெருங்கும்போது நிறுத்த யாரும் துணியமாட்டார்கள். சானமாவு வட்டாரத்தில் ராகி அறுவடைக் காலத்திலும் வேண்டாம். அப்போது தூக்கம் கெட்டதா, மருந்து நின்றதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஜூலை, ஆகஸ்டுதான் சரியான சமயம். பள்ளிக்கூடம் ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கும், யானைகளும் வந்திரா. எந்த வாரம் நிறுத்தினோம் என்பதை மட்டும் ஆசிரியையிடம் முன்கூட்டிச் சொல்லாமல் இருக்க வேண்டும்.